கல்லும் உழைப்பும்: ஆனந்த குமாரசுவாமியின் புவிச்சரிதவியற் பணி பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. ஒன்றின்மேலொன்று சாய்ந்தும் உருண்டும் கிடக்கும் பெரும் பாறைகளும் அவற்றின் இடுக்குகளில் அமைந்த குகைகளும் சேர்ந்ததே அவ்விகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் இவ்விடத்திலேயே முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் கூறுகின்றதேயன்றி இடத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. அலுவிகாரையின் பெயர் பிற்கால நூல்களின் வழியாகவே எமக்குக் கிடைக்கின்றது. எவ்வாறாயினும், இலக்கிய மாணவராகிய நாம் அங்கு செல்வது இந்த ஏட்டு வரலாற்றின் பொருட்டே.

அண்மையில் மாணவர் சிலருடன் நாம் அங்கு சென்றபோது, புவிச்சரிதவியல் பயின்ற நண்பர் ஒருவரும் உடன் வந்திருந்தார். நாம் குகையினுள்ளே ஓவியங்களையும், ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுபவரையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வெளியே நின்று மழை கழுவிய பாறை முகம் ஒன்றைக் கைவில்லை வைத்து நோக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சுத்தியல் பையை விட்டு வெளியே வரவில்லை; தொன்மைச் சின்னமாகிய இவ்விடத்தில் ஒரு சிம்பினைத்தானும் பெயர்த்தல் ஆகாது என்றார். நாம் 'கல்' என்ற ஒரு சொல்லாற் கடந்து போனதை அவர் வெளிறிய பட்டை, கரிய பட்டை, சிவந்த மணி எனப் பிரித்து வாசித்தார். வெளிறியவை குவாட்சும் பெல்சுபாரும். கரியவை மைக்கா முதலிய, இரும்பு செறிந்த கனிப்பொருள்கள். சிவந்த மணி காணற்று. பட்டைகள் இவ்வாறு மாறிமாறி அமைதல் நைசு எனப்படும் உருமாறிய பாறையின் இயல்பாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் இன்றைய நிலையை அடைந்தது ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாகிய காலத்தில் என்று இன்றைய ஆய்வாளர் கொள்கின்றனர். அப்பொழுது இப்பாறைகள் புவியோட்டில் இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து, மடிந்து, மீண்டும் பளிங்காகின. (கொண்டுவானா என்ற பெயர் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டிலிருந்து பெறப்பட்டது. ஒரு பழங்குடியின் பெயரைப் பெருங்கண்டத்துக்குச் சூட்டிய அதே காலனித்துவ அறிவியல், அந்நாட்டின் நிலக்கரியைத் தேடியே அங்கு சென்றது என்பதையும் உடன் நினைத்துக்கொள்ளலாம்.)

இவ்வாறு பாறையை வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரை நாம் நெடுங்காலமாக வேறொருவராகவே அறிந்து வந்துள்ளோம். ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி என்றதும் தமிழ் வாசகர் உள்ளத்தில் எழுவது 1918இல் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் நூலும், நடராச வடிவத்துக்கு அவர் தந்த தத்துவ விளக்கமுமே. 'தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டுபிடித்தவர்' என்ற ஒரு வாக்கியத்தோடு அவரது முற்பகுதி வாழ்வு வாழ்க்கைக் குறிப்புகளில் முடிக்கப்பட்டுவிடுகின்றது. விஞ்ஞானியாக இருந்தவர் ஞானியாக மாறினார் என்னும் இக்கதை கேட்பதற்கு இனியது. ஆனால் அது பிழையானது என்பதே எமது கருத்து. குமாரசுவாமியின் கலையாய்வில் இன்றும் உயிரோடிருக்கும் பகுதி அவர் களத்திலும் ஆய்வுகூடத்திலும் கல்லோடு பழகியதிலிருந்து பிறந்தது. அவர் அப்பழக்கத்தை விட்டு விலகிய அளவுக்கு அவருடைய எழுத்தும் உழைக்கும் மனிதனை விட்டு விலகியது. இக்கருத்தை நிறுவுவதற்கு, புவிச்சரிதவியலாளர் செய்யும் வேலை யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

குமாரசுவாமி 1877இல் கொழும்பிற் பிறந்தார். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழர்; திரிபிடகத்தின் ஒரு பகுதியாகிய 'சுத்த நிபாத'த்தை 1874இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். அலுவிகாரையில் ஏடேறியதாக மரபு கூறும் நூற்றொகுதியின் ஒரு பகுதி ஆங்கிலம் சென்றது ஒரு கொழும்புத் தமிழரின் கையால் என்பது இக்கட்டுரைக்குப் புறம்பானதாயினும் குறிப்பிடத்தக்கது. தந்தை 1879இல் மறைய, ஆங்கிலேயரான தாயார் எலிசபெத் மகனை இங்கிலாந்திலேயே வளர்த்தார். இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் அவர் பட்டம் பெற்றார். இலங்கைப் பாறைகளும் காரீயமும் பற்றிய அவரது கட்டுரை அதே ஆண்டில் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்கள் பற்றிய கட்டுரை 1902இல் வந்தது. 1903இல் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதற் பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டபோது வயது இருபத்தாறும் நிரம்பவில்லை.

காலனித்துவ அரசு அவ்வேளையில் கனிப்பொருள் அளவையை ஏன் தொடக்கியது? கோப்பி அழிந்து தேயிலை காலூன்றியிருந்த காலம் அது. பெருந்தோட்டத்துக்கு வெளியே இத்தீவில் விற்கக்கூடிய பொருள் வேறென்ன உண்டு என்பதே கேள்வி. இலங்கைக் காரீயத்துக்கு ஐரோப்பிய உலோகத் தொழிலில், உருக்கும் மூசைகள் செய்வதற்காக, பெருங் கிராக்கி இருந்தது. இரத்தினக்கல் பழைய செல்வம். அளவையின் மேற்பார்வை இலண்டனிலிருந்த இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் கையில் இருந்தது. பேரரசின் மூலப்பொருள்களைச் சோதித்து அவற்றின் வணிகப் பயனை மதிப்பிடுவதே அந்நிறுவனத்தின் தொழில். ஆகவே குமாரசுவாமி ஏற்ற பதவி தூய அறிவுத் தேடலுக்கென அமைந்த ஒன்றன்று. அவரும் அதை அறியாமலிருந்திருக்க முடியாது.

களவேலை என்பது நடையும் பார்வையும் குறிப்பேடும் ஆகும். சுத்தியல், கைவில்லை, திசைகாட்டி, பாறைப்படை எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அளக்கும் சாய்வுமானி, நிலப்படம், ஐதரோகுளோரிக்கமிலம் கொண்ட சிறு குப்பி: கருவிகள் இவ்வளவே. சுண்ணக்கல்லின்மேல் ஒரு துளி அமிலம் பட்டால் நுரைத்தெழும். தொலமைற்றாயின் தூளாக்கிய பின்னரே நன்கு நுரைக்கும். மாத்தளை, கண்டி மாவட்டங்களிற் பட்டைபட்டையாகச் செல்லும் பளிங்குச் சுண்ணக்கல் பெரும்பாலும் இத்தகைய தொலமைற்றுத் தன்மை வாய்ந்தது. ஓரிடத்திற் காணும் படையின் போக்கையும் சாய்வையும் அளந்து படத்திற் குறித்து, அடுத்த இடத்திலும் அவ்வாறே செய்து, இடையில் மண்ணுக்கடியில் அப்படை எவ்வாறு செல்கின்றது என்பதை உய்த்துணர்தல் வேண்டும். கிடைத்தற்கரிய ஏட்டுப் பிரதியொன்றிற் சிதைந்த அடிகளை முன்பின் நோக்கி நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலைக்கு இது நெருங்கியது. வேறுபாடு என்னவெனில், புவிச்சரிதவியலாளரின் ஊகத்தை ஒரு கிணறு தோண்டிப் பொய்ப்பித்துவிடலாம்.

ஈரவலயத்தில் வேலை செய்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வறண்ட நாடுகளிற் பாறை வெறுமையாய் வெளியே கிடக்கும். இங்கோ வெப்பமும் மழையும் பாறையைப் பல அடி ஆழத்துக்கு உக்கச் செய்து செம்மண்ணாக்கிவிடுகின்றன. அதன்மேற் காடோ தேயிலையோ மூடிவிடுகின்றது. ஆற்றுப் படுகையை விட்டால், புதிய பாறை முகம் காணக்கூடிய இடங்கள் மனிதர் வெட்டிய இடங்களே: வீதி வெட்டு, புகையிரதப் பாதை வெட்டு, கிணறு, கற்குழி, இரத்தினக்கற் குழி. மலைநாட்டின் பாறையமைப்பை அறிவதற்கு வாயிலாக அமைந்த வெட்டுகளைத் திறந்தவர் யாவர்? கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் வந்துசேர்ந்த புகையிரதப் பாதையும், தோட்ட வீதிகளும் பெருமளவில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளால் வெட்டப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். அலுவிகாரையின் வாயிலைக் கடந்து செல்லும் பெருவீதி அவ்வழியின் இறுதிப் பகுதியாகும். புவிச்சரிதவியல் அறிக்கைகளில் 'வீதி வெட்டில் தெளிவாகக் காணலாம்' என்ற தொடர் அடிக்கடி வரும். அத்தொடர்களுக்கு அடியில் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு கிடக்கின்றது.

இரத்தினக்கற் குழியும் இத்தகையதே. சபரகமுவையிற் குழி தோண்டுவோர், மணல், களி முதலிய படைகளைக் கடந்து 'இல்லம்' என்று தாம் வழங்கும் பரற்படையை அடைவர். அதனைக் கூடையில் அள்ளி, நீரிற் சுழற்றிக் கழுவ, பாரமற்றவை நீரோடு போகப் பாரமானவை அடியில் தங்கும். தன்னீர்ப்பு வேறுபாட்டைக் கொண்டு கனிப்பொருள்களைப் பிரிக்கும் இம்முறை, ஆய்வுகூடத்திற் பார நீர்மங்களைக் கொண்டு செய்யப்படும் பிரிப்பின் அடிப்படையேதான். எழுத்தறியாத தொழிலாளர் கண்ணாலும் கையாலும் இதைத் தலைமுறைகளாகச் செய்து வந்துள்ளனர். களத்துக்குச் செல்லும் அறிஞர் அவர்களிடம் கேட்டே தொடங்குகின்றார்.

இனி ஆய்வுகூடம். களத்திற் பெயர்த்த கல்லில் ஒரு சிறு துண்டை அறுத்து, ஒரு முகத்தைத் தேய்த்து மட்டமாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுமுகத்தையும் தேய்ப்பர். கல்லின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்காகக் குறையும்வரை தேய்த்தல் வேண்டும். அந்நிலையிற் கருங்கல்லும் ஒளியை ஊடுபுகவிடும். முனைவாக்கிய ஒளியில், நுணுக்குக்காட்டியின் கீழ் அதனைச் சுழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு கனிப்பொருளும் தனக்குரிய நிறங்காட்டும். சில இருளும், சில ஒளிரும். ஆங்கிலேயரான என்றி சோர்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையைப் பாறையாய்வுக்குக் கொண்டுவந்தபோது, மலையை நுணுக்குக்காட்டியாற் பார்ப்பதா என்று நகைத்தவர்கள் உண்டு. குமாரசுவாமியின் தலைமுறைக்கோ அது அன்றாடக் கருவி. நுணுக்குக்காட்டி சொல்லாததை இரசாயனப் பகுப்பாய்வு சொல்லும்: கல்லைத் தூளாக்கி, அமிலத்திற் கரைத்து, ஒவ்வொரு மூலகமாக வீழ்படிவாக்கி, வடித்து, உலர்த்தி, நிறுத்தல். ஒரு கனிப்பொருளின் சேர்க்கையை அறிய நாட்கள் பல செல்லும். கூட்டுத்தொகை நூறுக்கு அண்மையில் வராவிடின் மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

கண்டிக்கு அண்மையில் கங்காபிட்டி என்னுமிடத்தில், சுண்ணக்கல்லும் சிலிக்கேற்றுப் பாறையும் ஒன்றையொன்று தொடும் எல்லையிற் கிடைத்த நீல நிறக் கனிப்பொருள் ஒன்று இவ்வாறே ஆராயப்பட்டது. இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையின் பிறயரும் குமாரசுவாமியும் சேர்ந்து அதனைப் புதியதெனக் கண்டு, 'செரண்டிபைற்று' என்று பெயரிட்டு 1903இல் விவரித்தனர். கல்சியமும் மகனீசியமும் அலுமினியமும் போரனும் சிலிக்கனும் சேர்ந்த அரிய கனிப்பொருள் அது. அராபியர் இத்தீவுக்கு வழங்கிய செரண்டிப் என்ற பெயர் இவ்வாறு கனிப்பொருளியலில் நிலைத்தது.

தோரியனைற்றின் கதை இன்னும் விரித்து நோக்கத்தக்கது. சபரகமுவையின் இரத்தினக்கற் பரலில், பாரமான மணலோடு கரிய கனசதுரப் பளிங்குகள் சில தங்கின. கல் தேடுவோருக்கு அவை பயனற்றவை. முதலில் அவை யுரேனியத்தின் தாதுவாகிய யுரேனினைற்று என எண்ணப்பட்டன. 1904இல் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் வின்டம் டன்ஸ்டன் செய்வித்த பகுப்பாய்வே அவற்றிற் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்பதை வெளிப்படுத்தியது. பெயரும் அங்கேயே சூட்டப்பட்டது. எனவே 'கண்டுபிடித்தவர் குமாரசுவாமி' என்ற ஒற்றை வாக்கியம், பரல் கழுவிய கையிலிருந்து இலண்டன் தராசுவரை நீண்ட ஒரு சங்கிலியை ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகின்றது. தோரியத்தின் மீது அவ்வளவு ஆர்வம் எழுந்ததற்கும் காரணம் இருந்தது. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு வேண்டிய ஒளிவலை (எமது பெற்றோமாக்ஸ் விளக்கின் 'மாந்தில்') தோரியம் ஒட்சைட்டினாலேயே செய்யப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1909இல், திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மொனசைற்று கண்டறியப்பட்டதும் இதே விளக்கு வணிகத்தின் பின்னணியிலாகும்.

ஆனால் தோரியனைற்று வணிகத்தைக் கடந்தும் பயன்பட்டது. அது கதிர்த்தொழிற்பாடு உடையது. ஈலியம் வாயுவையும் தன்னுள் அடக்கி வைத்திருப்பது. குமாரசுவாமி கற்ற அதே இலண்டன் கல்லூரியில் வில்லியம் ராம்சே அதனை ஆராய்ந்தார். அவரிடம் வந்து சேர்ந்த ஒற்றோ கான் என்னும் இளம் ஜேர்மானியர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பில் இரேடியத்தைத் தேடப்போய், 1905இல் 'இரேடியோதோரியம்' என்ற புதிய பொருளைக் கண்டார். இரசாயனத்தில் வேறு துறை நாடியிருந்த அவரைக் கதிர்த்தொழிற்பாட்டின் பக்கம் திருப்பியது இந்நிகழ்வே. 1938இல் யுரேனிய அணுக்கருப் பிளவைக் கண்ட இருவருள் ஒருவர் அவரே. சபரகமுவையின் குழியிற் கூலிக்கு நின்றவனுக்கும் இருபதாம் நூற்றாண்டின் அணுவியலுக்கும் இடையில் இத்தகைய நேரடித் தொடர்பு உண்டு. ஆயினும் களம் இங்கும், தராசும் நூலகமும் சஞ்சிகையும் அங்கும் என்ற பிரிவினை அத்தொடர்பை மறைத்துவிட்டது. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து முடிவுப்பொருளை இறக்குமதி செய்யும் காலனித்துவப் பொருளாதாரத்தின் அமைப்பு அறிவு உற்பத்தியிலும் அப்படியே இயங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்த அமைப்பினுள் வேலை செய்த குமாரசுவாமிக்கு என்ன நேர்ந்தது? 1903 முதல் 1906 முடியவுள்ள காலத்தில் அவர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கண்டி இராச்சியத்துப் பழைய நிலப்பகுதியெங்கும் திரிந்தார். துணைவியார் எதெல் உடன் சென்றார். கனிப்பொருளைத் தேடிச் செல்பவர், அக்கனிப்பொருளைக் கையாளும் மனிதரை எதிர்ப்படாமல் இருக்க முடியாது. களிமண் எங்கே உண்டு என்று கேட்டால் குயவரிடம் செல்ல வேண்டும். இரும்புத்தாது எங்கே என்று கேட்டால் கொல்லரிடம் செல்ல வேண்டும். பலாங்கொடைப் பகுதியில் அப்போது எஞ்சியிருந்த இரும்பு உருக்குவோர் சிலருடைய வேலையை அவர் நேரிற் கண்டு எழுதினார். களிமண் உலை, மரக்கரி, காலால் மிதித்து ஊதும் துருத்தி, தாது இளகிக் கசடு பிரிதல், எஞ்சிய இரும்புக் கட்டியை அடித்துச் செப்பனிடுதல், சிறு களிமண் மூசையில் இரும்பையும் மரச் சிம்புகளையும் இட்டு மூடிச் சூடேற்றி உருக்காக்குதல் ஆகியவற்றை அளவும் வரிசையும் தவறாது அவர் பதிவு செய்தார். மலிந்த இறக்குமதி இரும்பின் முன் அத்தொழில் மடிந்துகொண்டிருந்தது. அதே பகுதியில் சமனலவாவியை அண்டிய மலைச்சரிவுகளில், கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்தே பருவக்காற்றின் விசையால் இயங்கிய உலைகள் இருந்தன என்பதைக் கில் ஜூலெவ் 1996இல் நிறுவியபோது, குமாரசுவாமி கண்டது எவ்வளவு நீண்ட மரபின் கடைசித் தலைமுறை என்பது தெளிவாயிற்று. அலுவிகாரை போன்ற விகாரைகளில் ஏடெழுதிய எழுத்தாணியும், மழைநீர் உட்புகாவண்ணம் குகைகளின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டிய உளியும் இத்தகைய உலைகளின் குழந்தைகளே.

இக்களக் குறிப்புகளிலிருந்தே 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் உருவாகியது. 1908இல் 425 பிரதிகளாக அது வெளிவந்தது. அந்நூலின் நீண்ட துணைத்தலைப்பு சமுதாய அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் பற்றிய விளக்கம் அதில் உண்டு என அறிவிக்கின்றது. கலை நூலொன்றின் முகப்பிலேயே அதைச் செய்தவனின் சமூக நிலை இடம்பெற்றமை அக்காலத்திற் புதுமை. நூலின் ஒழுங்கையும் நோக்குக: மரம், கல், இரும்பு, பொன், தந்தம், மண், நூல் எனப் பொருளையும் தொழிலையும் முன்வைத்தே அது செல்கின்றது. ஒரு பொருளின் வடிவம் அதன் மூலப்பொருளின் இயல்பாலும், அதன்மேற் செலுத்தப்பட்ட உழைப்பின் முறையாலும் ஆக்கப்படுகின்றது என்ற பார்வை கனிப்பொருளியலாளரின் பார்வை. பளிங்கின் புறவடிவை அதன் உட்சேர்க்கையும் அது வளர்ந்த சூழலும் தீர்மானிக்கும் என்று கற்றவர், விளக்கின் வடிவையும் அவ்வாறே வினவினார். நூல் அச்சாகிய எசெக்சு ஹவுஸ் அச்சகத்தின் கைப்பொறி, வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்படுத்தியது. அச்சுப்பொறி மட்டுமன்று, கருத்தும் அங்கிருந்து வந்தது. மொறிஸ் கவிஞராகவும் வடிவமைப்பாளராகவும் நினைக்கப்படுகின்றார். அவர் மார்க்சின் 'மூலதன'த்தைப் படித்து, சோசலிசக் கழகத்தை நிறுவி, வீதிகளிற் பேசியவர் என்பது வசதியாக மறக்கப்படுகின்றது.

குமாரசுவாமி மொறிசிடமிருந்து முதலாளித்துவ உற்பத்தியின் அசிங்கத்தை வெறுக்கக் கற்றார்; ஆனால் அதனை மாற்றவல்ல வர்க்கத்தைக் காணவில்லை. இங்கேதான் நாம் அவரிடமிருந்து பிரிகின்றோம். கண்டி இராச்சியத்தில் நவந்தன்னர் முதலிய கைவினைச் சாதியினர் நிலம் பெற்று அதற்கீடாக அரசனுக்கும் கோயிலுக்கும் சேவை செய்தனர். குமாரசுவாமிக்கு இது போட்டியும் பசியும் இல்லாத இசைவான ஒழுங்கு. அவ்வொழுங்கில் நிலத்தை விட்டு வெளியேறவோ, வேறு தொழிலை நாடவோ, வேலையின் அளவை மறுக்கவோ அக்கைவினைஞருக்கு இருந்த உரிமை யாது என்று அவர் கேட்கவில்லை. அரசனுக்குரிய கட்டாயச் சேவை 1830களில் ஒழிக்கப்பட்ட பின்னரும் கோயில் நிலங்களில் அது தொடர்ந்தது. 1870இல் அதனைப் பணமாக மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் வேண்டியிருந்தது. இசைவு மட்டுமே நிலவிய இடத்துக்கு அத்தகைய சட்டம் எதற்கு? ஒவ்வொரு கனிப்பொருளுக்கும் பகுப்பாய்வின் கூட்டுத்தொகை நூறாகும்வரை ஓயாதவர், சமூகத்தின் பகுப்பாய்வில் நூறுக்குக் குறைந்ததை நம்பிக்கையால் நிரப்பினார் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஆயினும் அவர் களத்தில் இருந்த ஆண்டுகளின் செயற்பாட்டைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1905இல் பழைய கட்டடங்களைப் பேணுமாறு கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்விக்காகவும், மேலைநாட்டுப் போலி நாகரிகத்துக்கு எதிராகவும் எழுதினார். மேனாட்டு உடை தரித்த உள்ளூர் மேட்டுக்குடியினருக்கு அவர் சொன்னவை கசந்தன. 1906இல் இலங்கைக் கனிப்பொருளியல் ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவ்வாண்டின் இறுதியோடு அவர் பதவியை விட்டார். அளவை வேலை அவரது துணைவராயிருந்த ஜேம்ஸ் பார்சன்சிடம் சென்றது. அவர் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும், 1917இற் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலைக்கும் போனார். 1947இல் அமெரிக்காவில் மறைந்தார். பிற்கால எழுத்துகளில் உலையும் துருத்தியும் அருகிவிடுகின்றன. குறியீடும் மூலவடிவமும் பெருகுகின்றன. கலைஞன் இருக்கின்றான், ஆனால் அவன் எவ்வளவு நிலம் பெற்றான், எத்தனை நாள் வேலை செய்தான் என்ற விவரம் இல்லை. தமிழ்த் திறனாய்வு இப்பிற்கால குமாரசுவாமியையே முழுமையாக எடுத்துக்கொண்டது. அதனாற் சிற்பியைப் பற்றிப் பேசாமற் சிற்பத்தைப் பற்றிப் பேசும் ஒரு வழக்கம் எம்மிடையே நிலைபெற்றது.

திரிபிடகம் ஏடேறியமைக்கு மரபு கூறும் காரணத்தையும் இந்நோக்கில் மீளப் பார்க்கலாம். வட்டகாமினி தமிழ்ப் படையெடுப்பாளரிடம் அரியணையை இழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த காலம். கொடிய பஞ்சமும் உடன் வந்தது. வாய்மொழி மரபு நினைவாற்றலால் மட்டும் வாழ்வதன்று. மனனம் செய்வோருக்கு உணவளிக்கக்கூடிய உபரி உற்பத்தி வேண்டும். குளமும் வயலும் வேண்டும். அது குலைந்தபோது நினைவும் குலையத் தொடங்கியது. நூல் ஏடேறியது ஞானத்தின் நிறைவால் அன்று, சோற்றின் குறைவால் என்பது சற்றுக் கடுமையாக ஒலிக்கலாம். ஆனால் இலக்கிய வரலாற்றைப் பாறைபோல் அடியிலிருந்து வாசிப்போருக்கு இது வியப்பளிக்காது. லையலின் புவிச்சரிதவியல் நிலவுலகுக்கு ஒரு வரலாற்றைத் தந்தது என எங்கெல்சு மதித்தமையும் இவ்வகை வாசிப்பின் பொருட்டே.

குமாரசுவாமியின் அளவையிலிருந்து வளர்ந்த திணைக்களம், 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டத்தின்கீழ் 1993இற் பணியகமாயிற்று. இடையில் டி. என். வாடியா 1938 முதல் 1944 வரை இங்கு கனிப்பொருளியலாளராகப் பணியாற்றினார்; பி. ஜி. குறே 1967இல் எழுதிய அறிமுக நூல் பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. பேராதனையிற் புவிச்சரிதவியல் தனித்துறையாகவே கற்பிக்கப்படுகின்றது. தராசும் நுணுக்குக்காட்டியும் இன்று இங்கும் உண்டு. கல்லின் வயதைக் கணிக்கும் விலையுயர்ந்த பொறிகளுக்காக மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

அலுவிகாரைப் பயணத்துக்குச் சில வாரங்களின் பின் நண்பர் எம்மைத் தமது ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். விகாரையிலன்றி, அதற்கு வடக்கே வீதியோர வெட்டொன்றில் அன்று மாலை அவர் பெயர்த்த கல்லின் மெல்லிய சீவல் நுணுக்குக்காட்டியின் கீழ் இருந்தது. மாணவர் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து பார்த்தனர். கருங்கல் என்று நாம் அறிந்தது நீலமும் மஞ்சளும் செந்நிறமுமாக விரிந்தது. மேடையைச் சுழற்ற நிறங்கள் மாறின. மீதித் துண்டு ஒரு துணிப்பையில் இருந்தது. பையிற் கட்டிய சீட்டில் மாதிரி எண், நாள், பாறையின் பெயர், எடுத்தவர் பெயர், எடுத்த இடம் என்பவற்றுக்கு இடம் விடப்பட்டிருந்தது. எடுத்த இடம் என்பதற்கு எதிரே 'வீதி வெட்டு' என்று எழுதியிருந்தார். அந்த வெட்டு எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்து ஆட்களைக் கொண்டு வெட்டப்பட்டது என்று மாணவி ஒருவர் கேட்டார். அது கச்சேரியின் பழைய வீதிக் கணக்குகளில் இருக்கக்கூடும், தாம் ஒருபோதும் தேடிப் பார்த்ததில்லை என்றார் நண்பர். அந்த மாணவி இப்போது அதனைத் தேடிக்கொண்டிருக்கின்றார்.